ஊரில் இருக்கும் சித்தப்பா மகன்

இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலை ஒன்பது மணிக்குக் குனிந்தவள் மதியம் இரண்டு வரைக்கும் நிமிரவில்லை. ஒரு மூட்டை வெங்காயம் ஐம்பது பவுண்டு. அன்றைக்கு இரண்டு மூட்டை உரித்திருந்தேன். என் அம்மா கிருஷ்ணகிரிப் பக்கம் குவாரியில் ஜல்லி உடைத்தவள். சாயங்காலம் வந்ததும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு பத்து நிமிஷம் யாரோடும் பேசாமல் நிற்பாள். நானும் அப்படித்தான் ஃப்ரீசர் கதவில் சாய்ந்து நின்றேன். அப்போது கருப்பசாமியின் கை கண்ணில் பட்டது.

தோசைக்கல்லின் ஓரத்தில் அவன் இடது கை கிடந்தது. வைத்திருந்தான் என்று சொல்ல மாட்டேன், கிடந்தது. சுண்டுவிரல் பக்கம் முழுக்கச் சுடுகிற இரும்பின் மேல். வலது கையால் தோசையைத் திருப்பிக்கொண்டே முன்பக்கம் பார்த்து, "ரவா ஒண்ணு, ஆனியன் ரெண்டு, எவன்டா தூக்கறது?" என்று கத்திக்கொண்டிருந்தான். வாடை எனக்குத்தான் முதலில் வந்தது.

"கருப்பசாமி, கையை எடு!"

எடுத்துப் பார்த்தான். தோல் வெளுத்து உப்பியிருந்தது.

"அட, சுட்டிருச்சு போலக்கா," என்றான், அடுத்தவன் கையைப் பார்க்கிற மாதிரி. பிறகு சிரித்தான். "தோசை மாஸ்டர் கைக்கா. பதினஞ்சு வருசமா கல்லுல வெந்த கை. மரத்துப்போச்சு."

கலிபோர்னியாவின் சன்னிவேலில், எல் கமினோ ரியல் சாலையில் மணியன் நடத்திய ஓட்டல் அது. 1998 மே மாதம். கருப்பசாமி கோவில்பட்டிக்காரன், முப்பத்து மூன்று வயது. மணியன் விசா எடுத்துக் கூட்டிவந்த ஆள். அவன் பாஸ்போர்ட் மணியனின் மேஜை டிராயரில் இருந்தது. நான் அந்த ஓட்டலில் எந்தத் தாளிலும் இல்லாதவள். என் வீட்டுக்காரர் நஞ்சுண்டன், இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்று ஒரு வங்கி பயந்ததால், பழைய புரோகிராம்களில் தேதியைத் திருத்த வந்தவர். அவர் விசாவோடு வந்த பெண்டாட்டி சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. சும்மா உட்காரவும் எனக்குத் தெரியாது. அதனால் பின்வாசல் வழியாகப் போய், வெங்காயம் உரித்து, பின்வாசல் வழியாகவே வருவேன்.

ஊரில் நான் உரித்தது வெங்காயம் இல்லை. திருப்பத்தூர் பக்கம் தொழுநோய்ப் பிரிவில் பதினொரு வருஷம் களப்பணி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சட்டையைக் கழற்றி வெயிலில் திருப்பி நிறுத்துவோம். ஒரு நாளைக்கு முந்நூறு முதுகு. அத்தனை முதுகு பார்த்த கண்ணுக்கு ஒரு சூட்டுக் காயம் போதும்.

கூட்டம் ஓய்ந்ததும் அவனை அரிசி மூட்டை அடுக்கியிருந்த அறைக்குக் கூப்பிட்டேன்.

"கண்ணை மூடு. நான் பேனாவால தொடுவேன். தொட்ட இடத்தை விரலால காட்டு."

"என்னக்கா இது, பச்சப்புள்ள வெளாட்டு."

"மூடுடா."

மேல்கையில் தொட்டேன், காட்டினான். தோளில் தொட்டேன், காட்டினான். முழங்கைக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வெளிறிய படை இருந்தது. அதன் நடுவில் நான்கு முறை தொட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, "ஆரம்பிங்கக்கா, எம்புட்டு நேரம்?" என்றான்.

முழங்கையின் உள்பக்கம் விரலை வைத்து நரம்பை உருட்டிப் பார்த்தேன். கொடிக்கயிறு கனத்துக்கு இருந்தது. சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் நீட்டச் சொன்னேன். நீட்டினான், ஆனால் நடுங்கியது.

"இது எப்போலேர்ந்து?"

"ரெண்டு வாரம் இருக்கும். கரண்டி நழுவுது. ஏன்க்கா?"

சொன்னேன். சுற்றி வளைக்காமல் பெயரைச் சொன்னேன். அவன் என்னைப் பார்க்காமல் அரிசி மூட்டையைப் பார்த்தான். ஊரில் அந்தப் பெயரை நான் ஆயிரம் பேரிடமாவது சொல்லியிருப்பேன். எல்லோரும் முதலில் எதையாவது பொருளைத்தான் பார்ப்பார்கள்.

"மாத்திரை இருக்கு. ஒரு வருஷம் சாப்பிட்டா போயிடும். மொத வேளை மாத்திரை போட்டாலே அடுத்தவங்களுக்கு ஒட்டாது. சாப்பாட்டுல பரவுற வியாதியும் இல்ல. ஆனா நரம்பு வேற. வெரல் சோர்ந்து ஆறு மாசத்துக்குள்ள சரியான டாக்டர் கையில போனா திரும்பும். அதுக்கப்புறம் திரும்பாது."

"மணியன் சாருக்குத் தெரிஞ்சா?"

"நான் சொல்ல மாட்டேன்."

"தெரிஞ்சா மறுநா பிளைட்ல ஏத்திருவாருக்கா. ரெண்டு தங்கச்சி இருக்கு, ஒண்ணுக்குத்தான் முடிச்சிருக்கேன்." கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டான். "தோசை மாஸ்டருக்குக் குஷ்டம்னா, இந்த எல் கமினோவுல எவன் தோசை திம்பான்?"

ஆறு மாதம். மே நடுவிலிருந்து எண்ணினால் நவம்பர் நடுவு. எனக்கு நோய் தெரியும், மருந்தின் பெயர் தெரியும், அளவு தெரியும். இந்த நாட்டில் யாரிடம் போய் நிற்பது என்பது மட்டும் தெரியாது. ஊரில் என்றால் மாட்டு வண்டிக்காரனைக் கேட்டாலும் வழி சொல்வான்.

ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்கிற ஒரு கிளினிக் வியாழக்கிழமை சாயங்காலம் திறக்கும் என்று பாத்திரம் கழுவுகிற மெக்சிகோக்காரர் சொன்னார். கருப்பசாமியைப் பஸ் ஏற்றி விட்டேன். இங்கிலீஷில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன்: இந்தப் படையில் உணர்ச்சி இல்லை, முழங்கை நரம்பு வீங்கியிருக்கிறது, தொழுநோய்க்குச் சோதிக்கவும். நான் கூடப் போகவில்லை. போனால் நீங்கள் யார், எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்பார்கள். நஞ்சுண்டனின் கிரீன் கார்டு மனு அந்த மாதம்தான் போயிருந்தது.

திரும்பி வந்தவன் ஒரு களிம்பு டியூபையும் மணிக்கட்டுப் பட்டையையும் காட்டினான்.

"படர்தாமரைன்னு சொல்லிட்டாங்கக்கா. வெரலுக்கு, கரண்டி புடிச்சுப் புடிச்சு நரம்பு நெரிஞ்சிருக்காம். பாவம், நல்ல பையன். டாக்டருக்கு மீசை கூட சரியா மொளைக்கல."

"நான் எழுதின சீட்டு?"

"குடுக்கல."

"ஏன்டா?"

"குடுத்தா இது யார் எழுதினதுன்னு கேப்பாங்கல்ல? உங்களை எதுக்கு மாட்டிவிடணும்?" கொஞ்சம் கழித்து உண்மையையும் சொன்னான். "அங்க வரிசையில ரெண்டு தமிழ் ஆளுங்க உக்காந்திருந்தாங்கக்கா."

எனக்குக் கோபம் வரவில்லை. நான் பஸ் நிறுத்தத்தோடு நின்றேன், அவன் டாக்டர் மேஜை வரைக்கும் போனான்.

ஜூலை பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை, ஃப்ரீமாண்டில் நஞ்சுண்டனோடு வேலை பார்க்கும் ஜெயபிரகாஷ் வீட்டில் பிள்ளைக்குப் பிறந்தநாள் விருந்து. டாக்டர் சாரதா வந்திருந்தார். தோல் மருத்துவர், மெட்ராஸில் படித்து இங்கே வந்து இருபது வருஷமானவர். நம் ஆட்கள் விருந்துக்கு ஒரு டாக்டர் வந்தால் விடுவார்களா? காகிதத் தட்டும் கையுமாக அவரைச் சுற்றி நின்றார்கள். இதில் ஒரு முறை உண்டு. யாருக்கும் தனக்கு வியாதி என்று சொல்லத் தெரியாது. எல்லா வியாதியும் ஊரில் இருக்கும் யாருக்கோதான் வந்திருக்கும். இன்ஷூரன்ஸ்காரன் காதில் விழக் கூடாது, ஆபீஸ்காரன் காதில் விழக் கூடாது, கொழுந்தியாள் காதில் நிச்சயம் விழக் கூடாது.

"டாக்டர், ஊர்ல எங்க மாமாவுக்கு முடி கொத்துக் கொத்தா கொட்டுது," என்றார் தொப்பி போட்ட ஒருவர்.

"மாமாவைக் கொஞ்சம் தொப்பியக் கழட்டச் சொல்லுங்க, பாத்துடலாம்," என்றார் சாரதா. எல்லோரும் சிரித்தார்கள். தொப்பிக்காரரும் சிரித்துக்கொண்டே தொப்பியைக் கழற்றினார்.

என் முறை வந்தது. நஞ்சுண்டன் என் பக்கத்தில் நின்றிருந்தார். காரில் வரும்போதே சொல்லியிருந்தார்: "ஓட்டல் பேரு வரக் கூடாது. நீ அங்க போறதே இந்தக் கூட்டத்துல யாருக்கும் தெரியாது. ஏதாவது ஒளறி வெச்சே, மூட்டை கட்ட வேண்டியதுதான்."

"டாக்டர், என் சித்தப்பா பையனுக்கு," என்று ஆரம்பித்தேன். படையைச் சொன்னேன். நரம்பைச் சொன்னேன். விரல் இரண்டு மாதமாகச் சோர்கிறது என்றேன்.

சாரதா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அத்தனை பேரில் எனக்கு மட்டும்தான் தட்டைக் கீழே வைத்தார்.

"ஹான்சன்ஸ்," என்றார், தொழுநோய்க்கு இங்கே வழங்குகிற பெயரை. "சந்தேகமே இல்ல. நரம்பைத் தொட்டுப் பாத்தீங்களா? எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"ஊர்ல அந்த வேலைதான் பாத்தேன்."

"அப்போ என்னை எதுக்கும்மா கேக்கறீங்க? இதுல நீங்கதான் எனக்கு டீச்சர். நான் வருஷத்துல நாலு புதுக் கேஸ் பாத்தா பெரிசு." தோளில் தட்டினார். "சித்தப்பா பையன் எங்க இருக்கார்?"

வாயில் வந்தது. இங்கேதான் டாக்டர், பதினைந்து மைல் தள்ளி. நஞ்சுண்டனின் கட்டைவிரல் என் முழங்கைக்கு மேலே அழுந்தியது.

"ஊர்ல," என்றேன்.

"அப்போ கவலையே இல்ல. பக்கத்துல ஹெல்த் சென்டர்ல மாத்திரை ஃப்ரீ. நரம்பு வலி வந்தா மட்டும் உடனே ஸ்டீராய்டு ஆரம்பிக்கச் சொல்லுங்க. நாள் கடத்தக் கூடாது." அடுத்த ஆளின் பக்கம் திரும்பிவிட்டார். அவருக்கு ஊரில் அத்தைக்கு அரிப்பு.

திரும்பும்போது காரில் நஞ்சுண்டன் பேசினார்.

"நான் கெட்டவன் இல்ல, மரகதம்."

"நான் சொன்னேனா?"

"நம்ம கதையும் பாக்கணும்ல."

அவர் அப்பாவும் என் அம்மா ஜல்லி உடைத்த அதே குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றியவர்தான். மேலே ஏறி வந்தவனுக்குக் கீழே பார்த்தால் தலை சுற்றும். அவர் பேச்சைக் கேட்டு வாயை மூடியது என் வாய். அதற்கு அவரைக் குற்றம் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

பிறகு எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். திருப்பத்தூரில் என்னோடு வேலை பார்த்த மீனாக்ஷிக்கு எழுதினேன். அவள் முதலில் நம்பவில்லை. "அமெரிக்காவுல இல்லாத மருந்தா? என்னை மாட்டிவிடப் பாக்கறியா?" என்று பதில் வந்தது. இன்னொரு கடிதம், இரண்டு ஃபோன். அக்டோபர் கடைசியில், ஊருக்குப் போய் வந்த ஒருவர் மூலமாக முறுக்கு டப்பாவுக்கு அடியில் மாத்திரை அட்டைகள் வந்தன.

மாதத்துக்கு ஒரு முறை அரிசி அறையில் என் கண் முன்னால் பெரிய வேளை மாத்திரையை விழுங்க வைப்பேன். மற்ற நாளுக்கு அவனே. மூத்திரம் சிவப்பாகப் போகும், பயப்படாதே என்றேன். தோல் கறுக்கும் என்றேன். கறுத்தது. மணியன் கல்லாவிலிருந்து பார்த்துச் சிரித்தார்.

"ஏன்டா, கலிபோர்னியா வந்து எல்லாரும் வெளுக்கறான், நீ மட்டும் கல்லுல தீஞ்ச தோசை மாதிரி ஆயிட்டு வர்றே?"

"அடுப்பு பக்கம் நீங்க நின்னு பாருங்க சார், எப்படி ஆகுறீகன்னு தெரியும்."

டிசம்பரில் அது வந்தது. மருந்து ஆரம்பித்தபின் சிலருக்கு உடம்பு கிருமியோடு சண்டை போடும். படை சிவந்து தடித்தது. முழங்கை நரம்பு தொட முடியாத வலி. கிரைண்டர் ஓடுகிற சத்தத்துக்குள் அவன் அழுததை நான் பார்த்தேன். ஊரில் என்றால் அன்றைக்கே ஜீப்பில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோய் ஸ்டீராய்டு ஆரம்பிக்க வைப்பேன். பத்து நாள் தள்ளிப்போனாலும் எங்கள் சூப்பர்வைசர் நோட்டைத் தூக்கி மூஞ்சியில் எறிவார். இங்கே அது டாக்டர் சீட்டில்லாமல் கிடைக்காது. மீனாக்ஷி அனுப்ப மறுத்தாள். "அது விளையாட்டு மாத்திரை இல்ல. சர்க்கரை பாக்கணும், ரத்தக் கொதிப்பு பாக்கணும், வாரா வாரம் டாக்டர் பாக்கணும். ஆள் செத்தா நீயும் நானும் ஜெயில்ல." அவள் சொன்னது சரி. நானே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

வலி மாத்திரை கொடுத்தேன். துணியில் தூளி கட்டிக் கையைத் தொங்கவிட்டேன். பொங்கல் வந்தபோது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்க ஆரம்பித்திருந்தன. இன்னொரு கையால் நீட்டினால் நீளும், விட்டால் மடங்கும். பிப்ரவரியில் அவன் மாவுக் கிண்ணத்தை இரண்டு முறை கீழே போட்டான். மணியன் அவன் சம்பளத்தில் பிடித்தார்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் வெங்காயத்தைப் பாதியில் போட்டுவிட்டு, சாலையோரப் பொதுத் தொலைபேசியிலிருந்து சாரதாவைக் கூப்பிட்டேன். நஞ்சுண்டனிடம் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கலாம் என்பது எனக்கு ஜூலையிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"டாக்டர், நான் மரகதம், ஜெயபிரகாஷ் வீட்டு விருந்துல பாத்தோமே. சித்தப்பா பையன் ஊர்ல இல்ல. சன்னிவேல்ல இருக்கான். எனக்குச் சித்தப்பாவே கிடையாது."

அவர் அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"எப்போலேர்ந்து இங்க?"

"மொதல்லேர்ந்தே."

"எத்தனை மாசம் ஆச்சு?"

"பத்து."

"ஐயோ, மரகதம்." பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். "கவர்மென்ட் நடத்தற கிளினிக் இருக்கும்மா. இந்த வியாதிக்குன்னே. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், ஒரு மணி நேர டிரைவ். மருந்து, டாக்டர் எல்லாம் ஃப்ரீ. விசா கேக்க மாட்டாங்க, மொதலாளி பேரு கேக்க மாட்டாங்க. நானே மாசத்துல ஒரு நாள் அங்க போறேன். ஜூலைல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் கார்லயே கூட்டிட்டுப் போயிருப்பேனே."

நான் ஃபோனில் இன்னொரு காசு போட்டேன். பஸ் ஒன்று போனது.

"அன்னைக்கு எல்லார் மாமாவையும் கண்டுபிடிச்சேன்," என்றார் சாரதா. "உங்க சித்தப்பாவை மட்டும் நம்பிட்டேன். இந்த வியாதி ஊர்லதான் இருக்கும்னு, மாசாமாசம் அங்க போற நானும் நெனச்சுட்டேன் பாருங்க."

வியாழக்கிழமை அவர் காரில் போனோம். அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டர், வயதானவர், கருப்பசாமியின் கையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தார். நைலான் இழையால் ஒவ்வொரு விரலையும் தொட்டார். மாத்திரை யார் கொடுத்தது என்று கேட்டார். சாரதா என்னைக் காட்டினார். அளவு, நாள், எல்லாம் சரி என்றார் அவர். கிருமி அடங்குகிறது என்றார். வலி தொடங்கிய வாரமே வந்திருந்தால் விரல் நீண்டிருக்கும், அதற்கு முன்னால் விரல் சோர்ந்தபோதே வந்திருந்தால் இந்த வலியையே வரவிடாமல் பார்த்திருக்கலாம், இப்போது நரம்பு செத்துவிட்டது என்றார். எல்லாம் இங்கிலீஷில்.

"என்னக்கா சொல்றாரு?"

"மாத்திரை சரியாம்."

"வெரலு?"

"அது அப்படியேதான் இருக்கும்."

தலையை ஆட்டினான். அந்த டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டான். இரண்டு விரல் மடங்கியே இருந்ததால் கும்பிடு சேரவில்லை.

அங்கிருந்த நர்ஸ் சாரதாவிடம் ஏதோ கேட்டார். நோயாளிகளில் பாதிப் பேர் ஆசியாக்காரர்கள், சுற்று வட்டார டாக்டர்களுக்கு நரம்பைத் தொட்டுப் பார்க்கத் தெரியாது, இந்த அம்மா வந்து சொல்லிக்கொடுப்பாரா என்று. என் விசாவைச் சொன்னேன். சம்பளமில்லாமல் வரலாமே என்றார். அதற்கும் தாள் வேண்டும், விசாரித்து எழுதுகிறோம் என்றார்கள். கடிதம் வரவில்லை.

மணியனுக்கு நாங்கள் சொல்லவில்லை. மடங்கிய விரலே சொல்லிவிட்டது. அவருக்கு வியாதியின் பெயர் கூடத் தேவைப்படவில்லை. "கரண்டி பிடிக்க முடியாத மாஸ்டரை வெச்சு நான் என்னம்மா செய்ய?" என்றார். டிராயரைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தார். சாரதா ஃபோன் செய்து, சிகிச்சை முடிகிறவரைக்கும் இருக்கட்டும், வேறு ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டார். வேறு வேலைக்கு அவன் விசாவில் இடமில்லை என்றார் மணியன். அதுவும் உண்மைதான்.

ஏப்ரலில் அவன் போனான். மிச்ச மாத்திரையைக் கிளினிக்கிலேயே கட்டிக் கொடுத்தார்கள். விமான நிலையத்துக்கு நான் போகவில்லை. பின்வாசலில் நின்று வழியனுப்பினேன்.

"நீங்க செஞ்சது கூடப் பொறந்தவ கூட செய்ய மாட்டாக்கா," என்றான்.

"தண்ணி ஊத்திக் கழுவும்போது சூடு பாத்து ஊத்து. இன்னொரு கையால தொட்டுப் பாரு. தினமும் ராத்திரி கையில காயம் இருக்கான்னு பாரு."

"பாக்குறேன்க்கா."

இப்போது 2001. அவன் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் வாட்ச்மேன். சின்னத் தங்கச்சிக்கு இன்னும் கல்யாணம் முடியவில்லை. வங்கி வேலை முடிந்ததும் நஞ்சுண்டனை அவர் கம்பெனி வெளியே அனுப்பிவிட்டது, கிரீன் கார்டு மனு அதோடு செத்தது. வேறு கம்பெனி தேடிக்கொண்டிருக்கிறார். கிடைக்காவிட்டால் நாங்களும் மூட்டை கட்ட வேண்டியதுதான். எதைக் காப்பாற்ற நான் வாயை மூடினேனோ அது மூன்று வருஷம் கூட நிற்கவில்லை.

மாதம் ஒரு முறை கருப்பசாமி டெலிபோன் பூத்திலிருந்து மிஸ்டு கால் கொடுப்பான். நான் திருப்பிக் கூப்பிடுவேன். கையில் காயம் இருக்கிறதா என்று கேட்பேன். இல்லை என்பான். நீங்க இல்லைன்னா கையே போயிருக்கும்க்கா என்பான், ஒவ்வொரு முறையும். சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றுவேன்.

ஃப்ரீமாண்டு விருந்தில், கேட்ட கேள்விக்கு ஊரில் என்று நான் சொன்னது அவனுக்குத் தெரியாது. கருப்பசாமிக்கு நான் இரண்டு விரல் கடன்பட்டிருக்கிறேன். அதைத் தர எனக்கு வழியில்லை. அந்த ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டிய கடனும் இருக்கிறது. அதையும் இன்னும் தரவில்லை.